மேற்படி ஊர்க்காரர்கள்

எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் எல்லாம் இப்போது ப்ரோலாக்கில் இருக்கின்றன. அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பின்கட்டுக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று கேட்டார்கள். பரணில் ஏறி வெண்கல உருளியை இறக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததை மூச்சைப் பிடித்துச் செய்வது குடும்பத் தலைவர்களுக்கு வழிவழியாக வந்த உரிமை. உருளிக்காகப் பரணில் ஏறியவன், மகளின் காதுகுத்து நோட்டும் கல்யாண நோட்டும் ஒரு மஞ்சள் பையில் கிடப்பதைக் கண்டு அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். உருளி இன்னமும் பரணில்தான் இருக்கிறது.

மதுரைப் பக்கத்து மொய் நோட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்டப வாசலில் ஒரு மேசை. எழுத ஒருவர், எண்ண ஒருவர். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள். ஊர், இனிஷியலோடு பெயர், தொகை. பக்க அடியில் கூட்டுத்தொகை. ஐந்நூறு வைத்தாலும் ஒற்றை ரூபாய் சேர்த்து ஐந்நூற்றொன்று. வரவு நோட்டு என்றுதான் பேர். நாளைக்கு அவரவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் அத்தனையும் கடன் பத்திரம்.

"எக்ஸெல்ல போட்டா போதாதாப்பா?" என்று மகள் போனில் கேட்டாள். போதும். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியில் ஒரு பருவம் ப்ரோலாக் படித்தேன். அதற்கப்புறம் உத்தியோகம் முழுவதும் கோபோலில் சம்பளப் பட்டியல் போட்டே கழிந்தது. ப்ரோலாக் தெரியுமா என்று ஒரு மேலதிகாரியும் கேட்டதில்லை. தெரிந்ததைக் காட்ட வழியில்லாமல் ஒரு மனிதன் ஓய்வு பெற்றால் அவன் வீட்டார்தான் அனுபவிக்க வேண்டும்.

ப்ரோலாக் பெரிய இடத்துப் பிள்ளை. 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூஸ்ஸெலும் உருவாக்கியது; கம்ப்யூட்டரோடு பிரெஞ்சு மொழியில் பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கி, தர்க்க வாக்கியங்களையே நிரலாக ஓட்டலாம் என்று அதற்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தார். 1982இல் ஜப்பான் அரசு, ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் என்று பெயர் வைத்து, லாஜிக் ப்ரோகிராமிங்கை நம்பி ஒரு தேசத்தின் எதிர்காலத்தையே இறக்கியது. நான் மூன்று மாவட்டத்து மொய்யை இறக்கினேன். ஜப்பானுக்கும் நினைத்த அளவு பலன் கிடைக்கவில்லை.

மற்ற நிரல் மொழிகளில் எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். இதில் தெரிந்த சங்கதிகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் போதும்.

மொய்(மு_கருப்பையா, திருப்புவனம், 501).
மொய்(சோ_பாண்டியம்மாள், உசிலம்பட்டி, 1001).

இப்படி ஒரு வரிக்கு ஒரு சங்கதி, கடைசியில் முற்றுப்புள்ளி. ஜான் வீலமேக்கர் 1987இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எஸ்டபிள்யூஐ ப்ரோலாக்தான் என் கணினியில் இருப்பது. இலவசம் என்பதைத் தவிர, தமிழிலேயே எழுதவும் விடுகிறது. ஒரே ஒரு சிக்கல். இதில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது மாறி, சின்ன எழுத்தில் தொடங்கினால் அது நிலையான பெயர். தமிழில் எல்லா எழுத்தும் ஒரே அந்தஸ்து. ஆகவே நான் எழுதும் ஊர்பேர் எல்லாம் நிலையான பெயராகவே போய்விடும். மாறி வேண்டுமென்றால் முன்னால் ஓர் அடிக்கோடு போட வேண்டும். '_பெயர்' என்றால் யாரோ ஒருவர், இன்னும் தெரியாது. 'பெயர்' என்றால் பெயர் என்றே பெயர் கொண்ட ஒருவர். நல்லவேளை, எங்கள் உறவில் அப்படி யாருமில்லை.

முதல் வெள்ளோட்டத்துக்கு மனைவியை அழைத்து உட்கார வைத்தேன். "ஏதாவது கேளு" என்றேன். "திருப்புவனத்துல இருந்து யாரு யாருங்க செஞ்சிருக்காங்க?" என்றாள். அடித்தேன். 'மு_கருப்பையா' என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"அவ்வளவுதானா?"

இன்னும் வேண்டுமென்றால் அரைப்புள்ளியைத் தட்ட வேண்டும். தட்டினேன். இன்னொரு பெயர் வந்தது. மறுபடி தட்டினேன், இன்னொன்று. என்டரைத் தட்டியிருந்தால், சரி, இவருக்கு இதுவே போதும் என்று நின்றிருக்கும். மனைவி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கடைக்குப் போயிட்டு வந்தா நீங்களும் இப்படித்தான். ஒவ்வொண்ணா நான் கேக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது என்னைப் பற்றி என்றாலும், பாதிக்கு மேல் ப்ரோலாக்குக்கும் பொருந்தும். ஒரு விடையைக் கண்டதும் அந்தப் பெயரை மாறியில் வைக்கும். அடுத்தது வேண்டும் என்றால், வைத்ததை எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் அடுத்த சங்கதியைத் தேடும். பேக்ட்ராக்கிங் என்பது அதுதான். திரும்பும்போது முந்தின விடையின் சுவடு கூட மிஞ்சாது. ஆகவே எல்லா விடையும் அதற்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்க மட்டும் தெரியாது. திருப்புவனத்து மொய் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், கூட்டுவதற்கு அத்தனை தொகையும் ஒரு பட்டியலாக எதிரே நிற்க வேண்டும். ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாக மறையும் விடைகளை யாராவது வெளியே நின்று பொறுக்க வேண்டும்.

அந்தப் பொறுக்குகிற ஆளின் பெயர் ஃபைண்ட்ஆல். மூன்று சங்கதி சொன்னால் போதும்: என்ன வேண்டும், எதிலிருந்து வேண்டும், எந்தப் பட்டியலில் போட வேண்டும்.

ஃபைண்ட்ஆல்(_தொகை, மொய்(_பெயர், திருப்புவனம், _தொகை), _பட்டியல்).

உள்ளே அது செய்வது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒரு விடை கிடைத்ததும் அதற்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக ஒதுக்கி வைக்கும். வைத்துவிட்டு, விடை கிடைக்கவே இல்லை என்பது போல வேண்டுமென்றே தோற்றுப் போகும். தோற்றதும் ப்ரோலாக் பதறிப்போய் அடுத்த விடையைத் தேடிக் கொண்டுவரும். அதையும் நகலெடுத்து ஒளித்துக்கொண்டு மறுபடியும் தோற்கும். இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நிஜமாகவே தோற்ற பிறகு, ஒளித்து வைத்ததை எல்லாம் எடுத்துக் கோத்து நீட்டும். க்ளாக்ஸினும் மெல்லிஷும் 1981இல் எழுதிய பாடநூலில் இதைச் சில வரிகளிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள்: ஓர் அடையாளக் குறியை நட்டுவை, கிடைத்ததை எல்லாம் அதன் மேல் அடுக்கு, தோற்றுப் போ, கடைசியில் அந்தக் குறி வரை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர். வேண்டுமென்றே தோற்று ஒருவன் உருப்படியான காரியம் முடிப்பதை வேறு எங்கும் பார்த்ததில்லை. இதை மனைவிக்கு விளக்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்த வித்தை நமக்குப் பழக்கமானதுதானே என்பது போல.

முழுப் பட்டியலையும் மாமனாரிடம் காட்டினேன். திரையில் முதல் ஒன்பது பேர் வந்தார்கள். பிறகு ஒரு கோடு, மூன்று புள்ளி. நீளமான பட்டியலை அப்படிச் சுருக்கிக் காட்டுவது அதன் வழக்கம். முழுதும் வேண்டுமென்றால் அச்சிடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாப்ள, மிச்சப் பேரு எங்க? செஞ்ச சனத்தைப் புள்ளி வச்சு விடலாமா?" என்றார். அச்சிட்டுக் கொடுத்த பிறகுதான் காபியைத் தொட்டார்.

அடுத்து ஊர்வாரியாக வேண்டும் என்றாள் மனைவி. எந்த ஊரில் விசேஷம் வந்தாலும் அந்த ஊர்ப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவள் கணக்கு, நல்ல கணக்கு. இதற்கு ஃபைண்ட்ஆலைவிடப் பொருத்தமானது பேக்ஆஃப். இதையும் இதன் உடன்பிறப்பான செட்ஆஃப்பையும் பற்றி டேவிட் வாரன் 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். எடின்பரோவில் ப்ரோலாக்குக்கு வேகமான கம்பைலர் செய்து அதை உலகம் முழுக்க ஓட வைத்தவர். 1995இல் வந்த ஐஎஸ்ஓ தரத்தில் மூன்றுக்கும் இடம் உண்டு.

ஃபைண்ட்ஆல் நீங்கள் கேட்டதை மட்டும் பார்க்கும். பேக்ஆஃப் அப்படியில்லை, கேள்வியில் பேர் சொல்லிவிட்டுப் பட்டியலில் கேட்காமல் விட்ட ஒவ்வொருவரையும் அது கவனிக்கும். தொகையை மட்டும் கேட்டீர்களே, ஊரை என்ன செய்ய, பெயரை என்ன செய்ய என்று அதற்குக் கவலை. அதனால் ஊரும் பெயரும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிப் பட்டியல் தரும். ஒருவருக்கு ஒரு பட்டியல், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தொகை. பெயர் யாராக இருந்தாலும் இருக்கட்டும், கண்டுகொள்ளாதே என்று சொல்வதற்குப் பெயருக்குப் பக்கத்தில் கூரை மாதிரி ஒரு குறி போட வேண்டும்: _பெயர்^. சொந்தபந்தத்தில் சிலரைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதற்கு இப்படி ஒரு குறி இருந்தால் விசேஷங்கள் எவ்வளவு நிம்மதியாக நடக்கும்.

குறி போட்டதும் ஊர்ப்பட்டியல் அடுக்கடுக்காக வந்தது. அலங்காநல்லூர் முதலில், அரைப்புள்ளி. உசிலம்பட்டி, அரைப்புள்ளி. சோழவந்தான், திருப்புவனம், மானாமதுரை. அதற்கடுத்து மேற்படி. அப்புறம் மேலூர்.

"மேற்படியா?" என்றார் மாமனார். "மானாமதுரைக்கும் மேலூருக்கும் நடுவுல அப்படி ஒரு ஊரு உண்டா என்ன? சிவகங்கை ரோட்டுலயா?"

இருந்த ஊர்களிலேயே மேற்படிதான் பெரிய ஊராகத் தெரிந்தது. ஆளும் அதிகம், மொய்யும் அதிகம். எங்கள் குடும்பத்துக்கு மேற்படியில் இவ்வளவு செல்வாக்கு இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. நோட்டை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. மொய் எழுத உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்தால் மற்றவர்கள் இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். அவர் ஒவ்வொரு வரியிலும் முத்து முத்தாக 'மேற்படி' என்று முழுதாக எழுதியிருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தவன் என் தங்கை மகன். "நோட்டுல இருக்கிறத அப்படியே அடிக்கச் சொன்னீங்கல்ல மாமா?" என்றான். சொன்னேன்தான்.

நோட்டு என்பது மேலிருந்து கீழே படிக்கிற பொருள். ஒரு வரி அதற்கு மேலுள்ள வரியின் தயவில் நிற்கலாம். ப்ரோலாக்கில் ஒவ்வொரு சங்கதியும் தனிக்குடித்தனம். எழுதிய வரிசையில்தான் தேடும் என்றாலும், தனக்கு மேலே யார் இருக்கிறார் என்று எந்த வரிக்கும் தெரியாது. ஆகவே நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மேற்படிவாசிகளை ஒவ்வொருவராக அவரவர் ஊரில் கொண்டுபோய்விட வேண்டியதாயிற்று. (இன்னொரு சந்தேகமும் இதில் தீர்ந்தது. நாம் படித்த வரிசைப்படி ல-வுக்குப் பிறகுதான் ற. மேலூர் முன்னால், மேற்படி பின்னால் வந்திருக்க வேண்டும். கணினியில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் யூனிகோடு எண்களில் ற, ல-வுக்கு முந்திக்கொள்கிறது. பேக்ஆஃப் அகராதியைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது.)

செட்ஆஃப் இந்த மூன்றில் மிகவும் சுத்தபத்தமானது. வரிசைப்படுத்திக் கொடுக்கும், ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடும். இந்தச் சுத்தம் கண்டு மயங்கிய நான், கல்யாண மொய் முழுவதையும் அதைக் கொண்டே திரட்டி, தொகையைக் கூட்டச் சொன்னேன். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கூரைக்குறியும் போட்டாயிற்று. பட்டியல் பளிச்சென்று வந்தது: 101, 201, 501, 1001, 2001, 5001. கூட்டுத்தொகை 8,806.

மனைவி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். "வாழை இலைக்குக் கொடுத்ததே இதைவிட ஜாஸ்திங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் செய்தது என்று வாதாடினேன். ஐந்நூற்றொன்று ரூபாயை எத்தனை பேர் வைத்தாலும் ஐந்நூற்றொன்று என்பது ஓர் எண்தான். செட் என்றால் கணம்; கணம் என்றால் அதில் ஒரு பொருள் ஒரு தடவைதான் வரும். கணிதத்தின் அடிப்படையே அது. அத்தனை பேரும் மண்டபத்தில் சாப்பிட்டபோது இந்தக் கணிதம் எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டாள். பணத்தைக் கூட்டுவதற்கு ஃபைண்ட்ஆலை விட்டால் வேறு நாதியில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வந்ததை வந்தபடி, இரட்டை இருந்தால் இரட்டையாகவே வைத்துக்கொள்ளும் நாணயஸ்தன் அது.

தொகையோடு பெயரையும் சேர்த்துக் கேட்டால் செட்ஆஃப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்போதுதான் மு. கருப்பையா பிரச்சினை வந்தது. திருப்புவனத்திலிருந்து இரண்டு மு. கருப்பையாக்கள், இருவரும் ஐந்நூற்றொன்று. செட்ஆஃப் ஒருவரை விழுங்கிவிட்டது. "ஒருத்தர் மில்லுக்காரர், இன்னொருத்தர் கடைசி வீட்டுக்காரர். ரெண்டு பேருக்கும் ஆகாது வேற" என்றாள் மனைவி. ஒருவருக்குச் செய்து மற்றவரை விட்டால் என்ன ஆகும் என்பதை அவள் விவரிக்கவில்லை; விவரிக்காமலேயே எனக்கு வேர்த்தது. பெயரும் ஊரும் ஒரு மனிதனை அடையாளம் காட்டப் போதாது என்பது கிராமத்துக்கு எப்போதோ தெரியும். பட்டப்பெயர் எதற்கு இருக்கிறது?

ஒன்றுமே கிடைக்காதபோது இவை நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். என் தம்பி சம்பந்தம் செய்த ஊரிலிருந்து ஒருவரும் மொய் வைக்கவில்லை. (ஏன் என்பது வேறு கதை.) ஃபைண்ட்ஆலைக் கேட்டால் வெறும் அடைப்புக்குறிகளை நீட்டும், காலிப் பட்டியல், கூட்டினால் பூஜ்யம். பேக்ஆஃப்பும் செட்ஆஃப்பும் 'ஃபால்ஸ்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கேள்வியே தோற்றுவிடும். ஊர்வாரி அறிக்கை எழுதும் விதியில் பேக்ஆஃப்பை வைத்தால் அந்த ஊரே அறிக்கையில் வராது. ஃபைண்ட்ஆலை வைத்தால் அந்த ஊருக்கு நேரே கொட்டை எழுத்தில் 0 வரும். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் ஃபைண்ட்ஆலின் பக்கம்தான் சாய வேண்டும். தோற்காத நிரல் நல்ல நிரல். ஆனால் அந்த அறிக்கை தம்பி பெண்டாட்டி கண்ணில் படும் வீட்டில் வாழ்கிறவனுக்கு பேக்ஆஃப்பின் மரியாதை வேறு எதற்கும் வராது.

இதோடு நின்றிருக்கலாம். இன்னும் யாருக்கெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதையும் ப்ரோலாக்கே சொல்லட்டும் என்று ஒரு விதி எழுதினேன்: மொய் செய்தவர், நாம் அவருக்குத் திருப்பிச் செய்ததாகப் பதிவு இல்லை, ஆகவே பாக்கி. இந்த 'இல்லை' இருக்கிறதே, அது ப்ரோலாக்கில் விபரீதமான சொல். நிரூபிக்க முடியவில்லை என்றால் இல்லை என்றே அர்த்தம். கீத் கிளார்க் 1978இல் இதற்கு முறையான விளக்கம் எழுதினார். எழுதி வைத்ததுதான் உலகம், மூடிய உலகம். அதற்கு வெளியே ஒன்றும் கிடையாது. நாங்கள் வாங்கியது அத்தனையும் நோட்டில் இருக்கிறது. கொடுத்தது அவரவர் நோட்டில் இருக்கிறது. எங்களிடம் 'செய்தோம்' என்ற தலைப்பில் ஏழெட்டு வரிதான் இருந்தது. ஃபைண்ட்ஆல் பாக்கிப் பட்டியலைக் கொண்டுவந்தது. அந்தக் கணக்குப்படி இந்த வீட்டை விற்றாலும் நாங்கள் ஊர்க்கடனை அடைக்க முடியாது.

கொடுத்த கணக்கு முழுவதும் மனைவியின் தலைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். தேதி வரிசையில் வராது; புடவை வரிசையில்தான் வரும். "மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன்ல, அந்தக் கல்யாணத்துல ஆயிரத்தொண்ணு" என்பாள். எந்தக் கல்யாணம் என்று கேட்டால் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பாள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: யாரைக் கேட்டாலும் தொகை, வருஷம், யார் கையில் கொடுத்தோம், அன்று பந்தியில் பாயசம் நன்றாக இருந்ததா என்பது வரை ஒரே மூச்சில் வரும். அரைப்புள்ளி தேவையில்லை.

மூடிய உலகத்தால் நேரிடையாக அடிபட்டவர் என் பெரியப்பா மகன். கல்யாணத்தன்று அவர் வாசல் மேசைக்குப் போகாமல் நேராக மேடையேறி மாப்பிள்ளை கையில் கவரைக் கொடுத்துவிட்டார். நோட்டில் இல்லை, ஆகவே ப்ரோலாக்கைப் பொறுத்தவரை அவர் மொய்யே செய்யவில்லை. அச்சிட்ட பட்டியலை என் தங்கை மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டுவிட்டான். அண்ணன் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார். அவர் இரண்டு வார்த்தைதான் பதில் போட்டார். அவற்றை இங்கே எழுத முடியாது.

வருகிற ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். அவசியம் வாருங்கள். மொய் வைப்பதானால் வாசல் மேசையிலேயே வையுங்கள், மேடையில் வேண்டாம். பெயரோடு இனிஷியலும் பட்டப்பெயரும் சொல்லுங்கள். எழுதுகிறவர் உங்கள் ஊர்ப்பெயரை முழுதாக எழுதிய பிறகுதான் பந்திக்குப் போக வேண்டும். அவர் பாட்டுக்கு 'மேற்படி' என்று எழுதப் போனால், தயவுசெய்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.